இரண்டு மின்விசிறிகளும் ஒரு கேரவன் விமானமும்

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ ஏடிஆர் விமானத்தில் போயிருக்கிறீர்களா? பக்கத்துக்கு ஒன்றாகப் பெரிய புரொப்பல்லர் வைத்த விமானம். அடுத்த முறை வலது பக்க ஜன்னலோரம் இடம் கிடைத்தால் கவனியுங்கள். பயணிகள் ஏறிக்கொண்டிருக்கும்போது சில நாள் அந்தப் பக்க இன்ஜின் இரைந்துகொண்டிருக்கும், புரொப்பல்லர் மட்டும் ஆணி அடித்தது போல அசையாமல் நிற்கும். இதற்கு ஓட்டல் மோடு என்று பெயர். புரொப்பல்லருக்குப் பிரேக் போட்டுவிட்டு, விமானத்துக்குத் தேவையான மின்சாரத்தையும் ஏசியையும் அந்த இன்ஜினிலிருந்து எடுத்துக்கொள்வார்கள்.

இன்ஜின் ஓடும்போது புரொப்பல்லர் எப்படி நிற்கும்? வீட்டில் இரண்டு டேபிள் ஃபேன் இருந்தால் எதிரெதிரே வையுங்கள். ஒன்றுக்கு மட்டும் சுவிட்ச் போடுங்கள். அந்தக் காற்றில் மற்றதும் மெதுவாகச் சுற்றும். அதைக் கையால் பிடித்து நிறுத்தினாலும் முதல் ஃபேன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவில் காற்றுதான், இரும்பு இல்லை. பெரும்பாலான டர்போபிராப் இன்ஜின்கள், அதாவது டர்பைனை வைத்துப் புரொப்பல்லரைச் சுற்றும் இன்ஜின்கள், இப்படித்தான். முதல் விசிறி, எரிபொருளை எரித்துச் சூடான வாயுவைத் தயாரிக்கும் பகுதி. இரண்டாவதுதான் புரொப்பல்லரைச் சுற்றுவது. கனடாவில் 1960இல் முதன்முதலாக ஓடிய பிடி6 இன்ஜின் இந்த வகை. கேரவன், ட்வின் ஆட்டர், கிங் ஏர் என்ற சிறிய விமானங்களில் இன்றும் அதுதான் ஓடுகிறது. இந்த இரண்டு ஃபேனை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப இங்கேதான் வருவேன்.

நான் விமானி இல்லை. லேத் பட்டறைக்காரன். பதினைந்து வருடமாக இரவு ஒன்பது மணிக்கு மேல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சிமுலேட்டரில், அதாவது நிஜம் போலவே காட்டும் மென்பொருளில், விமானம் ஓட்டுகிறேன். 'சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் நேபாளம் போய்விட்டார்' என்பது எங்கள் வீட்டில் வழக்கமான புகார்.

விமான இன்ஜின் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். ஒருநாள் காபி தம்ளரோடு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். நான் பெருமையாகக் கேரவனை ஸ்டார்ட் செய்தேன். ஸ்டார்ட்டரைத் தட்டினேன், தட்டிய கையோடு எரிபொருள் லீவரையும் தள்ளினேன். இன்ஜின் சீறிக்கொண்டு எழுந்தது.

"போச்சு" என்றார்.

"என்ன சார் போச்சு? ஓடுதே!"

"உன் கம்ப்யூட்டர்ல ஓடுது, தம்பி. நிஜத்துல இதை இறக்கி, பிரிச்சு, உள்ளே இருக்கிற பிளேடை எல்லாம் பார்க்கணும்."

அப்புறம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். இந்த இன்ஜினுக்குள் போகும் காற்றில் பெரும்பகுதி எரிப்பதற்கு இல்லை, சூட்டை ஆற்றுவதற்கு. முதல் விசிறி வேகம் பிடிக்காதபோது எரிபொருளைத் திறந்துவிட்டால், ஆற்றக் காற்று இல்லாமல் நெருப்பு அப்படியே டர்பைன் பிளேடில் அடிக்கும். ஹாட் ஸ்டார்ட் என்பது இதைத்தான். செலவு கோடிக் கணக்கில் போகும்.

சரியான முறை என்ன? முதலில் பேட்டரி 24 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டார்ட்டரைப் போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். முதல் விசிறி தன் முழு வேகத்தில் 12 சதவீதத்தைத் தாண்டி, இதற்கு மேல் ஏறாது என்று நிலைத்த பிறகுதான் எரிபொருள். அந்த நொடியிலிருந்து கண் வெப்பமானியை விட்டு அகலக் கூடாது. ஐடிடி என்று எழுதியிருக்கும். நான் ஓட்டும் 675 குதிரைசக்தி கேரவனுக்கு ஸ்டார்ட்டில் உச்ச வரம்பு 1090 டிகிரி, அதுவும் இரண்டே வினாடிக்கு. முள் அந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்தால் எரிபொருளை வெட்டிவிட வேண்டும். ஸ்டார்ட்டரை மட்டும் ஓடவிட்டு உள்ளே ஆற்ற வேண்டும். எல்லாம் ஒழுங்காகப் போனால் 52 சதவீதத்தில் ஐடில், அதாவது சும்மா ஓடும் வேகம், வந்துவிடும்; ஸ்டார்ட்டரை அணைக்கலாம்.

சிமுலேட்டரோடு கூடவே வரும் விமானங்கள் பெரும்பாலும் எதையும் மன்னித்துவிடும். நாம்தான் மன்னிக்கக் கூடாது. அந்தப் பெரியவர் என்னிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கச் சொன்னார். எரித்த இன்ஜினுக்கு ஒரு சிவப்புக் கோடு. கோடு விழுந்தால் அன்று இரவு பறக்கக் கூடாது. முதல் மாதம் பதினொரு கோடு. பதினொரு இரவு தட்டு கழுவினேன். இப்போது வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ விழுகிறது.

சரி, பறப்பதற்கு வருவோம். காரில் மிதித்தால் வேகம் என்பது போல இங்கே லீவரைத் தள்ளக் கூடாது. இரண்டு முள்ளைப் பார்த்துத் தள்ள வேண்டும்: டார்க், வெப்பம். டார்க் என்பது தண்டைத் திருகும் விசை. எந்த முள் முதலில் சிவப்புக் கோட்டைத் தொடுகிறதோ அங்கே கை நிற்க வேண்டும். கடல் மட்டத்தில், தூத்துக்குடி மாதிரி இடத்தில், பெரும்பாலும் டார்க் முந்தும். நேபாளத்து லுக்லாவுக்குப் போங்கள். 2,845 மீட்டர் உயரம், 527 மீட்டர்தான் ஓடுபாதை, அதுவும் மாடிப்படி மாதிரிச் சரிவு. மெல்லிய காற்று. அதே டார்க்குக்கு அதிகச் சூடு. அங்கே வெப்ப முள் முந்திக்கொள்ளும். இது பிடிபட எனக்கு ஒரு வருடம் ஆனது.

இன்னொரு வேடிக்கை, புரொப்பல்லர் லீவரைப் பின்னால் இழுத்தால் டார்க் ஏறும். சைக்கிளில் கனமான கியர் போட்டால் கால் மெதுவாகச் சுற்றும், ஆனால் மிதிக்கு அழுத்தம் கூடும் இல்லையா, அதேதான். அதனால் முதலில் பவரைக் குறை, பிறகு சுற்றைக் குறை.

இந்த இடத்தில் ஒரு துயரத்தைச் சொல்லாமல் போக முடியாது. 2023 ஜனவரி 15, காத்மாண்டுவிலிருந்து பொக்காரா போன ஏடிஆர். தரையிறங்கும் நேரத்தில் ஃப்ளாப்பை, அதாவது இறக்கையின் பின்பக்க மடலை, இறக்கச் சொன்னார் விமானிகளில் ஒருவர். மற்றவர் கை பக்கத்தில் இருந்த, புரொப்பல்லரைக் கட்டுப்படுத்தும் கண்டிஷன் லீவர்களை இழுத்துவிட்டது என்கிறது விசாரணை அறிக்கை. புரொப்பல்லர் இதழ்கள் காற்றோடு இணையாகத் திரும்பிக்கொண்டன. இன்ஜின்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன, முதல் ஃபேன் மாதிரி. விமானத்தை முன்னே கொண்டுபோகும் விசைதான் இல்லை. 72 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

அதைப் படித்த அன்றே என் மேசையில் இருக்கும் ஃப்ளாப் லீவருக்குப் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றினேன், இருட்டில் தொட்டாலும் வேறு மாதிரி தெரியட்டும் என்று. இப்போது எந்த லீவரானாலும் தொடுவேன், பார்ப்பேன், பெயரை வாய்விட்டுச் சொல்வேன், பிறகுதான் இழுப்பேன். தனியாகப் பேசுகிறேன் என்று வீட்டில் சிரிக்கிறார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். ரிவர்ஸ், அதாவது புரொப்பல்லரை எதிர்ப்பக்கம் தள்ளவைத்து வேகத்தைக் குறைப்பது, பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று எழுதி வந்தேன், முடியாது போலிருக்கிறது. சுருக்கமாக: நிஜ விமானத்தில் ஐடிலுக்குக் கீழே லீவர் தவறிப் போகாமல் ஒரு தடுப்பு இருக்கும், மேசை லீவரில் பெரும்பாலும் இருக்காது. ஒரு துண்டு அட்டையை மடித்து ஒட்டுங்கள். சக்கரம் தரையைத் தொட்ட பிறகுதான் அதைத் தாண்ட வேண்டும். காற்றில் இருக்கும்போது வேண்டவே வேண்டாம்.

நிறுத்தும்போதும் சட்டென்று அணைக்காதீர்கள். வெப்ப முள் இறங்கி நிலைத்து ஒரு நிமிடமாவது ஐடிலில் ஓடட்டும். எனக்கு அந்த ஒரு நிமிடம் இங்கே கிடைக்கவில்லை, விளக்கு மாறிவிட்டது. வணக்கம்.