மூலைக் கட்டத்து ராஜா

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, கனிவோடு வரவேற்ற செயலாளர் அவர்களே, மூன்று நாட்களும் மேசைக்கு மேசை நடந்து சதுரங்கப் போட்டியை நடத்தித் தந்த தலைமை நடுவர் அவர்களே, பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

ஆட்டத் திறனைக் காட்டும் எண்ணான ரேட்டிங்கில் உயர்ந்தவரும் குறைந்தவரும் மோதி ஆட்டம் டிராவாக முடிவதைப் பற்றி மூன்று செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்: விதிகள், புள்ளிக் கணக்கு, பயிற்சி. விதிகளை நடுவர் அவர்கள் முன்னிலையில் நான் விளக்குவது முறையாகாது; அதற்குப் பதில் ஓர் ஆட்டத்தைச் சொல்கிறேன்.

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பதை நான் ஏறிய மேடைகளில் எல்லாம் சொல்லி வருகிறேன். அண்மையில் அதைக் கண்ணாரக் கண்டேன். வெள்ளைக் காய்களுடன் 1910 ரேட்டிங் பெற்ற பெரியவர். எதிரே 1510 பெற்ற சிறுவன். நான்காம் மணி நேரத்தில் பெரியவரிடம் கறுப்புக் கட்டங்களில் மட்டுமே செல்லும் மந்திரியும் (பிஷப்), ஏ, ஜி வரிசைகளில் தலா ஒரு சிப்பாயும் இருந்தன. சிறுவனிடம் எஞ்சியது ஒரே குதிரை. தோல்வி உறுதி என்று சுற்றி நின்றவர்கள் நகரத் தொடங்கினார்கள். சிறுவன் இரு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பலகையையே பார்த்தான். பிறகு குதிரையைப் பலி கொடுத்து ஜி வரிசைச் சிப்பாயை வெட்டினான். மிஞ்சிய சிப்பாய் ராணியாக வேண்டிய மூலைக் கட்டமான ஏ8 வெள்ளைக் கட்டம். அந்த மந்திரியால் அதை என்றைக்கும் தொட முடியாது. சிறுவனின் ராஜா ஏ8, பி8 என்று மாறி மாறி நின்றது. ஒரு மணி நேரம் முயன்ற பெரியவர், இறுதியில் பி6-இல் ராஜாவை நிறுத்திச் சிப்பாயை ஏ7-க்குத் தள்ளினார். மூலையில் நின்ற கறுப்பு ராஜாவுக்குச் செக்கும் இல்லை, நகரக் கட்டமும் இல்லை; இதுதான் ஸ்டேல்மேட், ஆட்டம் டிரா. பெரியவர் எழுந்து நின்று கைகொடுத்தார்; அந்தப் பண்பையும் இங்கே பாராட்ட வேண்டும்.

இனிக் கணக்கு. 400 புள்ளி வேறுபாட்டில், குறைந்தவரிடம் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் அட்டவணை எதிர்பார்ப்பது 0.08 புள்ளி மட்டுமே. அரைப்புள்ளி எடுத்த சிறுவன் அதைவிட 0.42 கூடுதலாகப் பெற்றான்; அதை 18 வயதுக்குட்பட்டோருக்கான 40 என்னும் கெழுவால், அதாவது பெருக்கும் எண்ணால், பெருக்க அவன் ரேட்டிங் 16.8 கூடியது, 20 என்னும் கெழு உடைய பெரியவருக்கு 8.4 குறைந்தது.

ஆனால் நான் வந்த நோக்கம் பயிற்சி. தொடக்க நகர்த்தல்களை இருபது வரை மனப்பாடம் செய்விக்கிறோம். இறுதியாட்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். இறுதியாட்டத்தையே முதலில் படிக்க வேண்டும் என்று வலியுறுத்தியவர், 1921 முதல் 1927 வரை உலகச் சாம்பியனாக விளங்கிய கபாபிளாங்கா. அந்தச் சிறுவன் இந்த நிலையை முன்பே கற்றிருந்ததால்தான் குதிரையைத் துணிந்து கொடுத்தான். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம். அந்த வல்லமையைக் கற்றுத்தர வேண்டியவர்கள் நாம். ஆகவே, அடுத்த பயிற்சி முகாமின் முதல் வாரத்தை இறுதியாட்டத்திற்கே ஒதுக்க வேண்டும் என்று செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த நிலையை மேடையோரப் பலகையில் அடுக்கி வைத்திருக்கிறேன். பிள்ளைகள் வந்து வெள்ளைப் பக்கம் அமர்ந்து வெல்ல முயலுங்கள். கறுப்பு ராஜாவை நான் நகர்த்துகிறேன்.