செதுக்காத சிற்பி

நேக் சந்த்னு சொன்னா இங்க பாதி பேருக்குத் தெரியாது, சண்டிகர் ராக் கார்டன்னு சொன்னா நாலு கையாவது தூக்கும். அந்தச் சிற்பத் தோட்டத்தைக் கட்டின மனுஷன் எந்த ஆர்ட் காலேஜ் வாசலையும் மிதிக்கல, பொதுப்பணித்துறையில ரோடு இன்ஸ்பெக்டர், பிரிவினையில சொந்த ஊர் பாகிஸ்தான் பக்கம் போயிட்டதால கிளம்பி வந்தவர்.

இவரைப் பத்திப் பேசுறவங்க எல்லாம் "குப்பையில கலை"ன்னுதான் ஆரம்பிப்பாங்க. எனக்கு அது ஒப்பல. அவருக்கு முதல் பைத்தியம் கல்லு மேல. டியூட்டி முடிஞ்சதும் சைக்கிளை எடுத்துக்கிட்டு சிவாலிக் மலை அடிவாரத்து ஆத்துப் படுகைக்குப் போயிடுவாரு, தண்ணி அரிச்சு அரிச்சு ஆள் மாதிரி பறவை மாதிரி ஆகிப்போன கல்லாப் பாத்துப் பொறுக்கி கேரியர்ல வெச்சுக் கொண்டுவருவாரு, அதுல உளியே படாது, ஆறு முடிச்ச வேலையில நமக்கென்ன சோலின்னு அப்படியே நட்டு வெச்சுடுவாரு. சிற்பின்னா செதுக்கணும்னு யாரு சொன்னது?

அப்புறம் குப்பை. லெ கார்புசியர்ங்கற வெளிநாட்டு ஆர்கிடெக்ட் பிளான் போட்ட புது சண்டிகர் சிட்டிக்காக இடிச்ச கிராமத்து வீடுகள்ல கிடந்த உடைசல், பீங்கான், பல்பு ஹோல்டர், வளையல். ஒரு பொம்பளை பொம்மைகிட்டப் போய்ப் பாருங்க, உள்ள இரும்புக் கம்பி, மேல சிமெண்ட், பாவாடை முழுக்க கண்ணாடி வளையல் துண்டா நெருக்கிப் பதிச்சிருக்கும். மிருகம்னா சைக்கிள் சீட்டு தலை, சைக்கிள் ஃபோர்க் காலு.

1950கள் கடைசியில ஆரம்பிச்ச இந்த வேலை அத்தனையும் அனுமதி இல்லாம ஒளிஞ்சு செஞ்ச திருட்டு வேலை. சுக்னா ஏரிப் பக்கம், கட்டடமே கட்டக்கூடாதுன்னு ஒதுக்கின காட்டு நிலம். ராத்திரி வெளிச்சத்துக்குப் பழைய டயரைக் கொளுத்துவாராம் (இதுவா இயற்கை மேல அக்கறைன்னு கேட்டீங்கன்னா, நியாயமான கேள்விதான்). 1970கள்ல அதிகாரிங்க கண்ல பட்டப்போ பல ஏக்கருக்கு வளந்து கிடக்குது, ரூல்படி இடிச்சிருக்கணும், ஜனங்க வந்து பாக்க ஆரம்பிச்சதும் கைவைக்க முடியல, 1976ல முறைப்படி திறந்து அவருக்கே சம்பளமும் 50 ஆளும் குடுத்தாங்க. 1984ல பத்மஸ்ரீ. 2015ல போய்ச் சேந்தாரு.

போறவங்க தலையைப் பாத்துக்குங்க, உள்ள வாசல் பல இடத்துல ரொம்பத் தாழ்வு. பக்கத்துலதான் ஐகோர்ட், ஜட்ஜே வந்தாலும் குனிஞ்சுதான் நுழையணும்.