அரண்டுபோன கழுத்து

(எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபத்தைத் திறந்துவிட்ட கோயில் நிர்வாகிகளே, பள்ளித் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, தறிக்குடோனைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் சொந்தபந்தங்களே, எல்லோருக்கும் வணக்கமுங்க. எனக்குப் பொன்னாடை போர்த்திய பெரியவருக்குத் தனியாக ஒரு நன்றி. இந்த வயதில் இத்தனை படி ஏறி வந்திருக்கிறார்.

கழுத்து வலி சிலருக்கு மட்டும் ஏன் விடாமல் ஒட்டிக்கொள்கிறது? அடி, பயம், தூக்கம் என்று மூன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

எங்கள் சின்ன மாமாவை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். சில வருஷத்துக்கு முன் காரணம்பேட்டையில் அவருடைய கார் நின்றுகொண்டிருந்தபோது பின்னால் வந்த வேன் இடித்துவிட்டது. தலை பின்னால் போய் முன்னால் வெட்டியது. எலும்பு முறியவில்லை, ரத்தமும் இல்லை. மாமாவின் காரை ஓட்டிய பையனுக்கும் அதே இடிதான். அவன் நாலாம் நாள் வண்டி எடுத்தான், பதினைந்து நாளில் வலியை மறந்துவிட்டான்.

மாமாவுக்கு ஸ்கேன் எடுத்த இடத்தில் யாரோ, "தேய்மானம் இருக்குது, வெடுக்குனு திரும்பினா கை கால் விழுந்துரும்" என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான். எட்டு மாதம் கழுத்துப் பட்டையைக் கழற்றவில்லை. வேர்வையும் தேங்காய் எண்ணெயும் ஊறி அந்தப் பட்டை பழுப்பாகிவிட்டது. இழை அறுந்தால் குனிந்து முடிச்சுப் போடும் மனிதர், தறிப் பக்கமே போகவில்லை. ரோட்டில் ஹாரன் அடித்தால் வீட்டுக்குள் இருப்பவருக்குத் தோள் இறுகும். அத்தை கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்துதான் திரும்புவார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்!

வலி பொய் என்று நான் சொல்லவில்லை. நரம்பு மண்டலமும் அரண்டுபோகும். காயம் ஆறின பிறகும் சின்ன அசைவைக்கூட ஆபத்தென்று எடுத்துக்கொண்டு வலியைக் கூட்டிக் காட்டும். வலிக்குப் பயந்து அசையாமல் இருந்தால் தசை பலம் இழக்கும், பயம் இன்னும் ஏறும். வண்டி எந்த வேகத்தில் இடித்தது என்பதை வைத்து யாருக்கு வலி நீடிக்கும் என்று சொல்ல முடிவதில்லை. ஆரம்ப வலி எவ்வளவு கடுமை, விபத்து கனவில் வருகிறதா, குணமாகிவிடும் என்ற நம்பிக்கை இருக்கிறதா என்பவைதான் அதிகம் சொல்கின்றன. தேய்மானமோ, வலியே இல்லாதவர் கழுத்திலும் வயது ஏற ஏற ஸ்கேனில் தெரியும்.

1995-ல் கனடாவின் கியூபெக் நிபுணர் குழு தலை இப்படி வெட்டுவதால் வரும் கழுத்துக் காயத்தை 0 முதல் 4 வரை தரம் பிரித்தது. 4 என்றால் எலும்பு முறிவு அல்லது விலகல். கை மரத்துப்போனாலோ பலம் குறைந்தாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். எலும்பும் நரம்பும் பாதிக்காத 1, 2-ஆம் தரத்தில் உள்ளவர்களுக்குப் பட்டையை விட, வழக்கமான வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடர்வதே நல்லது.

இதை முதல் வாரத்திலேயே மாமாவுக்குச் சொல்ல ஆளில்லை. எட்டு மாதம் கழித்துத்தான் ஒரு இயன்முறை மருத்துவர் கிடைத்தார். அந்தப் பெண் பட்டையைக் கழற்றச் சொல்லவில்லை. "ஜன்னல்ல காக்கா தெரியுதுங்களா மாமா?" என்று கேட்டது. மாமா திரும்பிப் பார்த்தார். அப்புறம்தான், தான் திரும்பியதே அவருக்குத் தெரிந்தது. அரண்டவன் கண்ணுக்குத்தான் பேய், வெளிச்சம் காட்ட ஒருவர் வந்துவிட்டார்.

இதற்காகத்தான் இரண்டு வருஷமாக அலைகிறேன். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீடு தேடி வருகிறது. மனதார வரவேற்கிறேன். ஆனால் அடிபட்டவர் முதலில் ஓடுவது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு. அங்கே தினமும் ஒரு இயன்முறை மருத்துவர் உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த ரோட்டில் கார், வேன், பனியன் கம்பெனி பஸ் என்று எத்தனை வண்டி ஓடுகிறது!

தூக்கத்தைப் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் அம்மா கடிகாரத்தைப் பார்க்கிறார். மனு வாசல் மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்து மாமாவுடையது. பந்திக்குப் போகும் முன்னால் எல்லோரும் போட்டுவிட்டுப் போங்க.