சட்டியில் இருந்தால்...

அவைத்தலைவர் அவர்களே, இந்த நூலகத்துக்கு மின்விசிறி வாங்கித் தந்த புரவலர் அவர்களே (அது என் தலைக்கு மேல்தான் சுழல்கிறது, நன்றி), பொன்னாடை போர்த்திய தலைமையாசிரியர் அவர்களே, நூலகர் அம்மையாரே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

சமையலறைக் கருவிகளின் காப்புரிமை (கண்டுபிடித்தவரைக் கேட்காமல் பிறர் அதைச் செய்து விற்கக்கூடாது என்னும் உரிமை) பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: கருவி பிறந்த கதை, அதன் சட்டம், அதில் வரும் பணம்.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். அமெரிக்காவில், இல்லினாய் மாநிலத்து ஷெல்பிவில்லில் ஜோசபின் காக்ரேன் என்றோர் அம்மையார். விருந்து முடிந்து வேலையாட்கள் கழுவினால் அருமையான பீங்கான் தட்டுகளில் விளிம்பு பெயர்ந்துவிடும். 1883இல் கணவர் கடனை வைத்துவிட்டு இறந்துபோனார். அம்மையார் பாத்திரம் கழுவ ஓர் இயந்திரம் செய்யத் துணிந்தார். தட்டையும் கோப்பையையும் அளந்து, அந்த அளவுக்குக் கம்பிக் கூடுகள் செய்து, செப்புக் கொப்பரைக்குள் ஒரு சக்கரத்தில் பொருத்தினார். சக்கரம் சுற்றச் சுற்ற, சோப்புத் தண்ணீர் சூடாகப் பீய்ச்சியடிக்கும். 1886 டிசம்பர் 28 அன்று காப்புரிமை கிடைத்தது, எண் 3,55,139.

இனிதான் கதை. செய்தால் போதுமா, விற்க வேண்டாமா? சிகாகோவில் ஷெர்மன் ஹவுஸ் என்று பெரிய ஹோட்டல். தகப்பனாரோ கணவரோ துணையில்லாமல் அவர் எங்குமே போனதில்லை. முன்கூடத்தைத் தனியாகக் கடக்க வேண்டும். தாய்மார்களே, நம் வீட்டுப் பெண் முதல்முறை தனியாக வங்கிக்குள் நுழைந்ததை நினைத்துப்பாருங்கள்! அந்தக் கூடம் ஒரு மைல் அகலம் போலத் தோன்றியதாம். அடிக்கு அடி மயக்கம் வரும் போலிருந்ததாம். விழவில்லை. 800 டாலர் ஆர்டருடன் வெளியே வந்தார்! (கைதட்டல்)

சட்டியில் இருந்தது, அகப்பையில் வந்தது. நம் சட்டியில் மட்டும் இல்லையா? எங்கள் தெருவில் ஓர் அம்மா, மூட்டுவலிக்காரர்களும் பிழியும்படி இடியாப்ப உரலுக்கு நெம்புகோல் வைத்திருக்கிறார். சைக்கிள் பிரேக் கம்பிதான் அதன் கைப்பிடி. அது புதுமையா இல்லையா என்பதைக் காப்புரிமை அலுவலக ஆய்வாளர் சொல்லட்டும். ஆனால் விண்ணப்பத்தை அவர் தமிழில் எழுத முடியாது. இந்தியும் ஆங்கிலமும்தான் ஏற்கப்படும் என்கிறது விதி. காப்புரிமை அலுவலகமோ சென்னையில், கிண்டியில் இருக்கிறது! அகப்பை இருந்தும் சட்டிக்குள் விடமாட்டேன் என்றால் எப்படி?

சட்டத்தையும் பணத்தையும் சொல்வதற்குள் தலைவர் மணியடித்துவிட்டார். தமிழிலும் விண்ணப்பிக்க வழிசெய்யக் கோரும் மனு வாசலில் இருக்கிறது. பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். போன கூட்டத்தில் இரண்டு காணாமல் போயின.