ஆத்தாவின் சிட்டையில் 130 சாக்கு

நடுவர் அவர்களே, இரண்டு அணி நண்பர்களே, பனியில் துண்டைத் தலையில் போட்டு உட்கார்ந்திருக்கும் எங்கள் ஊர் மக்களே, வணக்கம். கொடுத்த நேரம் கொஞ்சம், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

"அரசு வேலைகளில் ஊழலைக் குறைப்பது கணினி டெண்டரா, மக்களின் கண்ணா?" இதுதான் தலைப்பு. நான் மக்களின் கண் பக்கம். எதிரணித் தலைவர் ஐயா அருமையாகப் பேசினார். பேச்சின் நடுவே, "மக்கள் கண்காணிக்க வேண்டும் என்கிறார்களே, இட்லி சுடுகிற ஆத்தாவுக்கு எஸ்டிமேட் தெரியுமா?" என்று கேட்டார். நீங்களும் சிரித்தீர்கள். எழுதிக்கொண்டு வந்த தாளை அப்போதே மடித்துப் பையில் வைத்துவிட்டேன். இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் போதும்.

தெரியும் ஐயா. எங்கள் தெரு ஆத்தாவுக்குத் தெரியும்.

எங்கள் தெருவில் சாக்கடை கட்டினார்கள். கலவை போட்ட இடம் ஆத்தா வீட்டுத் திண்ணைக்கு நேர் எதிரே. ஆத்தா விறகடுப்பில் இட்லி சுடுகிறவர். மழைக்காலத்தில் விறகு நனையாமல் மூட அவருக்குச் சாக்கு வேண்டும். மேஸ்திரியிடம் கேட்டார். "சும்மா தர முடியாது ஆத்தா, காலிச் சிமெண்ட் சாக்கு ஒன்றுக்கு இரண்டு ரூபாய்" என்றார் மேஸ்திரி. சரி என்று ஆத்தா ஒத்துக்கொண்டார். தினமும் சாயங்காலம் மேஸ்திரி சாக்குகளைக் கட்டிக் கொண்டுவந்து போடுவார். ஆத்தா எண்ணுவார், காசு கொடுப்பார், கடன் எழுதும் சிட்டையில் குறித்துக்கொள்வார். முதல் நாள் 14. மறுநாள் 11. வேலை முடிந்த அன்று மொத்தம் போட்டார். 130 சாக்கு, 260 ரூபாய்.

அடுத்த மழைக்கே சாக்கடைச் சுவர் விரிசல் விட்டது. ஈர்க்குச்சியால் சுரண்டினால் மணல் கொட்டுகிறது. தெருப் பையன் ஒருவன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டான். பத்து ரூபாய்க்கு ஸ்டாம்ப் ஒட்டினான், பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கட்டினான், பில்லோடு சிமெண்ட் பதிவேட்டு நகலும் வாங்கிவந்தான். ஆத்தா திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தான். பதிவேட்டில் எத்தனை மூட்டை தெரியுமா? 212.

மாவு ஆட்டிக்கொண்டிருந்த ஆத்தா கையைக் கழுவிவிட்டு உள்ளே போனார். சிட்டையை எடுத்து வந்தார். "இன்னொரு தரம் படி" என்றார். 212. "என் கணக்கில் 130தானே வருது?"

ஒரு நாள் பொறியாளர் பார்வையிட வந்தார். ஆத்தா சிட்டையை நீட்டினார். பொறியாளர் சொன்னார், "அம்மா, மீதிச் சாக்கெல்லாம் காற்றில் பறந்திருக்கும், வேறு யாராவது எடுத்திருப்பார்கள்." ஆத்தா கோபப்படவில்லை. நிதானமாகக் கேட்டார்: "தம்பி, ஒரு சாக்குக்கு இரண்டு ரூபாயை விடாத மேஸ்திரி, 82 சாக்கைக் காற்றில் விட்டானா?"

கைதட்டலைக் கொஞ்சம் நிறுத்துங்கள். அந்தக் கேள்வியை நிதானமாகப் பாருங்கள். 82 சாக்கு, 164 ரூபாய். தினக்கூலி வாங்குகிற ஒரு மேஸ்திரி 164 ரூபாயைக் காற்றில் விடமாட்டார் என்பது ஆத்தாவுக்குத் தெரியும். எந்தக் கணினியிலும் இந்தக் கணக்கு இல்லை. பதிவேட்டில் 212, சிட்டையில் 130. பொறியாளர் கையில் இரண்டையும் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் பேசாமல் நின்றார். தெருவே கூடி நின்று பார்த்தது. கடைசியில் பில்லில் பிடித்தம் செய்தார்கள். மோசமாக இருந்த 40 அடியை இடித்துவிட்டுத் திரும்பக் கட்டினார்கள்.

எஸ்டிமேட் தெரியுமா என்று கேட்டீர்களே ஐயா, ஆத்தா தினமும் டெண்டர் விடுகிறவர். புழுங்கலரிசிக்கு மூன்று கடையில் விலை கேட்பார். மூன்று கடைக்காரரும் பேசிவைத்து ஒரே விலை சொன்னால், நாலாவது கடைக்கு பஸ் ஏறுவார். உளுந்தைக் கையில் அள்ளிப் பார்ப்பார், ஒன்றைப் பல்லில் கடிப்பார். எடை பார்த்து இறக்கிய பிறகுதான் காசு. விலை விசாரிப்பது, தரம் பார்ப்பது, அளந்து பார்த்துப் பணம் கொடுப்பது, அரசுக் கொள்முதல் என்பதே இவ்வளவுதானே! சொந்தக் காசு என்பதால் ஆத்தா ஒழுங்காகச் செய்கிறார். சாக்கடை கட்டிய பணமும் அவர் வரிக்காசுதான் என்று அவருக்குத் தெரிந்தது, அதனால்தான் சிட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

கணினி டெண்டரை நான் குறை சொல்லவில்லை. டெண்டர் பெட்டிக்கு முன்னால் ஆள் நிறுத்தி, போட வந்தவரை மிரட்டித் திருப்பி அனுப்பிய காலம் உண்டு. வீட்டிலிருந்தே ஒப்பந்தப்புள்ளி போடலாம் என்று வந்தது பெரிய நன்மை. தமிழ்நாடு 1998லேயே ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் போட்ட மாநிலம், அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் மூன்று பேர் பெயரில் ஒரே கை டெண்டர் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொண்டால் கணினி மூன்று டெண்டர் என்றுதான் எண்ணும். அதோடு கணினியின் வேலை, வேலை உத்தரவு கொடுப்பதோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. திருட்டு அதற்கப்புறம் கலவையில் நடக்கிறது, முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் நடக்கிறது. அங்கே நிற்பது தெரு மக்கள்தான்.

இது எங்கள் தெருவோடு முடிகிற கதையும் இல்லை. ராஜஸ்தானில் 1994ல், மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு கோட் கிரானா என்ற ஊரில் மக்களைக் கூட்டி, பஞ்சாயத்து வேலைகளின் பில்லையும் கூலிப் பட்டியலையும் சத்தமாகப் படித்துக் காட்டியது. கேட்டவர்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். ஆனால் யார் வேலைக்கு வந்தார்கள், எது கட்டினார்கள், எது கட்டவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். எங்கள் பணம், எங்கள் கணக்கு என்று அவர்கள் எழுப்பிய குரல் வளர்ந்துதான் 2005ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நாட்டுக்கே வந்தது. அந்தச் சட்டத்தில் 2(ஜே) என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதன்படி காகித நகல் மட்டும் அல்ல, நடக்கிற வேலையை நேரில் பார்க்கலாம், போட்ட பொருளின் சான்றிட்ட மாதிரியும் கேட்டு வாங்கலாம். இந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கை தூக்குங்கள். பாருங்கள் நடுவர் அவர்களே, நாலு கைதான்.

உத்திரமேரூரில் ஆயிரம் வருடத்துக்கு முன்னால், பராந்தக சோழன் காலத்தில், கணக்குக் காட்டாதவனும் அவன் உறவுக்காரனும் ஊர் நிர்வாகம் பார்க்கும் வாரியத்துக்கு வரக்கூடாது என்று எழுதினார்கள். எங்கே எழுதினார்கள்? ஓலையில் எழுதிப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. எல்லோரும் பார்க்கச் சுவரில் வெட்டினார்கள். நானும் அதைத்தான் கேட்கிறேன். எந்தத் தெருவில் வேலையோ அந்தத் தெருச் சுவரில், எத்தனை அடி, எத்தனை கனம், எத்தனை மூட்டை, எவ்வளவு பணம் என்று தமிழில் எழுதுங்கள். வேலை முடிந்ததும், பகுதி மக்கள் கூடும் ஏரியா சபையில் பில்லைப் படியுங்கள். படித்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.

மணி அடித்துவிட்டீர்கள். ஒரே நிமிடம், நடுவர் அவர்களே.

ஆத்தா இப்போது இல்லை. போன ஐப்பசியில் இறந்துபோனார். அன்று விடாத மழை. எங்கள் தெருச் சாக்கடை பல இடத்தில் உடைந்து, முழங்கால் வரை தண்ணீர். பாடையைத் தூக்கிக்கொண்டு தடுமாறித்தான் நடந்தோம். ரேஷன் கடைப் பக்கம் வந்ததும் தரை தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தேன். ஆத்தா சண்டை போட்டுத் திரும்பக் கட்ட வைத்த அந்த 40 அடி. சாக்கடை ததும்ப ஓடுகிறது, ஒரு சொட்டு வெளியே வரவில்லை. அந்த ஓரமாகத்தான் அவரைக் கொண்டுபோனோம். எங்கள் தெருவில் அன்றைக்கு அங்கே மட்டும்தான் கால் நனையவில்லை.

காரியம் முடிந்த அன்று அவர் மகள் இந்தச் சிட்டையை என் கையில் கொடுத்தார். கொண்டுவந்திருக்கிறேன். மாவுக் கறை அப்படியே இருக்கிறது. பின்வரிசையில் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும், அந்தப் பக்கத்தைப் படிக்கிறேன்.

"காலிச் சாக்கு 130. ரூபாய் 260. மேஸ்திரிக்குக் கொடுத்தாச்சு."