சிட்டு

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

எங்கள் வீட்டில் 27 ஆண்டுகள் இருந்த ஒரு மட்டக்குதிரையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவள் பெயர் சிட்டு. குதிரையை 'அது' என்று சொல்வதுதான் முறை என்று தெரியும். ஆனால் சிட்டுவை எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. எனக்கும் வராது.

அப்பா பழனியில் குதிரை வண்டி ஓட்டினார். ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து இறங்கும் பக்தர்களை அடிவாரத்துக்குக் கூட்டிப் போவார், கிரிவீதியைச் சுற்றிக் காட்டுவார். 1988 ஆடி மாதம், அந்தியூர் குருநாதசாமி கோயில் பண்டிகைச் சந்தையில்தான் சிட்டுவை வாங்கினார். நானும் கூடப் போயிருந்தேன். மாடுகளும் குதிரைகளுமாக ஒரே புழுதி. விலை பேசுகிறவர்கள் வாயைத் திறக்கவில்லை. துண்டுக்கு அடியில் ஒருவர் கையை ஒருவர் பிடித்து விரலாலேயே பேசிக்கொண்டார்கள். தரகர் சிட்டுவின் உதட்டை விலக்கிக் காட்டினார். நடுவில் புதுப்பற்கள் வந்திருந்தன, ஓரத்தில் இருந்தவை இன்னும் பால் பற்கள். "நாலு வயசுதாண்ணே, பயப்படாமப் புடிங்க" என்றார். செம்பழுப்பு நிறம், நெற்றியில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வெள்ளைச் சுட்டி. அப்பா சுழி பார்த்தார், காலைத் தூக்கிக் குளம்பைத் தட்டிப் பார்த்தார். நான் பார்த்தது அந்தச் சுட்டியை மட்டும்தான்.

தோள் உயரம் 147 சென்டிமீட்டருக்கு மேல் போகாத குதிரையைப் பொதுவாக மட்டக்குதிரை என்பார்கள். சிட்டு அதற்கும் நன்றாகக் கீழே, அப்பாவின் நெஞ்சுக்குத்தான் வருவாள். அந்த உயரத்தில் அவ்வளவு பலம் எங்கே இருந்தது என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் ஊரே மனிதத் தலையாக இருக்கும். காவடியும் மேளமும் காதைப் பிளக்கும். அவள் காதை மட்டும் அப்பாவின் குரல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நடப்பாள். சாட்டை வண்டியில் இருந்தது உண்மை. அதன் வார் அற்றுப்போய்ப் பல வருடம் ஆகியிருந்தது.

வெயில் காலத்தில் 12 மணி அடித்தால் அப்பா வண்டியை அவிழ்த்துவிடுவார். எவ்வளவு கூலி கொடுத்தாலும் 3 மணி வரை சவாரி கிடையாது. வேப்ப மரத்து நிழல், ஒரு வாளித் தண்ணீர், அவ்வளவுதான். 37 டிகிரிக்கு மேல் வெயில் போகும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 வரை வண்டி மிருகங்களை வேலை வாங்கக் கூடாது என்று 1965-லேயே மத்திய அரசின் விதி இருக்கிறது. அதை நான் பல வருடம் கழித்துத்தான் படித்தேன். அப்பாவுக்கு அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. அவருக்குச் சிட்டுவின் மூக்கு தெரியும். மூக்குத் துளை விரிந்து சுருங்குகிற வேகத்தைப் பார்த்தே அவளுக்கு முடியவில்லை என்று சொல்லிவிடுவார்.

2006-இல் அவளுக்கு 22 வயது. இடது முன்னங்காலை ஊன்றும்போது தலை லேசாக மேலே போவதை அப்பா கவனித்தார். வலிக்கிற காலில் பாரம் விழாமல் இருக்கக் குதிரை அப்படித்தான் தலையைத் தூக்கும். அன்றைக்கே வண்டியை நிறுத்திவிட்டார். ஆட்டோ பெருகி வருமானமும் குறைந்திருந்த நேரம். வண்டியை விற்றார். குதிரையையும் சேர்த்துக் கேட்டு இரண்டு தரகர்கள் வந்தார்கள். ஓடாத கிழக்குதிரையை எதற்காகக் கேட்கிறார்கள் என்று அப்பாவுக்குத் தெரியும். அதை அவர் எங்களிடம் வாயால் சொன்னதில்லை. சொந்தக்காரர்களும், "வேலை செய்யாத குதிரைக்கு எதுக்குத் தீனி?" என்றார்கள். அப்பா ஒரு விடுதியில் இரவுக் காவலுக்குப் போகத் தொடங்கினார். நான் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "அவ ஓடுன காசுலதான நீ படிச்ச கண்ணு? அவளுக்குக் கொள்ளு வேக வைக்க நான் கணக்குப் பாக்கணுமா?" என்றார். அப்புறம் நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

வண்டி நின்ற பிறகு லாடத்தைக் கழற்றினோம். குளம்பு நம் நகம் மாதிரி, மாதம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். அதனால் 18 வருடம் மாதம் தவறாமல் லாடக்காரர் வந்திருக்கிறார். கழற்றிய அன்று சாயங்காலம் சிட்டு வாசல் கல்லில் ஏறி வந்தாள். உள்ளே இருந்த அம்மா, "யாரது?" என்று குரல் கொடுத்தார். அத்தனை வருடமாக 'டக் டக்' என்று கேட்ட காலடி, அன்று வெறுங்காலோடு ஆள் நடக்கிற மாதிரி மெத்தென்று கேட்டது.

வயதான குதிரையைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. உழைக்கிற குதிரை அந்த வயது வரை இருந்து யாரும் பார்த்ததில்லையே! நல்ல கவனிப்பு இருந்தால் மட்டக்குதிரை 25, 30 வருடம் வாழும். இங்கிலாந்தில் கால்வாய்ப் படகுகளை இழுத்த ஓல்ட் பில்லி என்ற குதிரை 62 வயதில், 1822-இல் இறந்தது. அதன் மண்டையோட்டை மான்செஸ்டர் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அப்பாவிடம் இதைச் சொன்னேன். "யாரோ நல்லாப் பாத்திருக்காங்க" என்றார்.

சிட்டுவின் பற்கள்தான் முதலில் கைவிட்டன. குதிரையின் கடைவாய்ப் பல் தேயத் தேய உள்ளிருந்து மேலே வந்துகொண்டே இருக்கும். கிழப்பருவத்தில் அந்த இருப்பு தீர்ந்துவிடும். ஒருநாள் கொட்டிலைக் கூட்டும்போது தரையில் பச்சை உருண்டைகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன், எச்சிலில் நனைந்து கயிறு மாதிரி முறுக்கிக் கிடந்தது. புல்லை மென்று மென்று பார்த்து, முடியாமல் துப்பியிருக்கிறாள். பசி இருந்திருக்கிறது, அரைக்கத்தான் பல் இல்லை. அந்த உருண்டைகளைக் கையில் எடுத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றிலிருந்து அம்மா அருகம்புல்லை அரிவாள்மணையில் வெண்டைக்காய் நறுக்குவது போலப் பொடியாக நறுக்குவார். கொள்ளை இரவே ஊறவைத்து, குழைய வேகவைத்து, கோதுமைத் தவிட்டோடும் ஒரு கை உப்போடும் கூழாகப் பிசைந்து வைப்போம். ஒரே வேளையில் நிறையக் கொடுக்கக் கூடாது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, வயிற்றில் சேராதது உள்ளேயே தங்கி உயிரை வாங்கிவிடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து வேளை.

தூக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்கு அதுவும் கொஞ்ச நேரமாவது படுத்தாக வேண்டும். சிட்டுவுக்கு 28 வயதுக்கு மேல் படுக்கப் பயம் வந்துவிட்டது, எழுந்திருக்க முடியாதோ என்று. நின்றபடியே கண் சொருகி, முன்னங்கால் மடிந்து விழப்போய்த் திடுக்கிட்டு நிமிர்வாள். கணுக்காலின் முன்புறம் தோல் உரிந்திருந்தது. அப்பா ஆற்றுமணல் கொட்டி, மேலே வைக்கோல் பரப்பி, பக்கத்திலேயே கயிற்றுக் கட்டிலைப் போட்டார். காவல் வேலை முடிந்து காலையில் வந்ததும் அங்கேதான் படுப்பார். அவர் படுத்துக் கொஞ்ச நேரம் ஆனதும், முன்னங்காலை மெல்ல மடித்து அவளும் படுப்பாள். பட்டப்பகலில் இருவரும் குறட்டை விடுவார்கள். தெருவில் போகிற பிள்ளைகள் எட்டிப் பார்த்துவிட்டு ஓசைப்படாமல் போவார்கள்.

2015 மார்கழியில் ஒருநாள் படுத்தவள் எழவில்லை. கால்நடை மருத்துவர் வந்தார், காதில் கை வைத்துப் பார்த்தார், ஊசி போட்டார். "வலி இல்லாமப் பாத்துக்கலாம், அவ்வளவுதான் முடியும்" என்றார். அப்பா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு பிடரி மயிரில் ஒட்டியிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்து முடிப்பதற்குள் மூச்சு நின்றுவிட்டது. 31 வயது. தெரிந்தவர் ஒருவரின் தென்னந்தோப்பில் குழி வெட்டி, உப்புப் போட்டு அடக்கம் செய்தோம்.

அவள் லாடங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. கருங்குதிரை லாடம் என்றால் வாசலில் அடிக்கவும் மோதிரம் செய்யவும் தேடி வருவார்கள். செங்குதிரை லாடத்தை யாரும் கேட்கவில்லை. கடைசியாகக் கழற்றிய நான்கும் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் வலது முன்னங்கால் லாடம் எது என்று எனக்குத் தெரிந்துவிடும். அதன் முனை மட்டும் கத்தி போலத் தேய்ந்திருக்கும். அடுப்பில் கொள்ளு வேகிற வாசனை வந்தால் போதும், அந்தக் காலால்தான் தரையைக் கீறிக் கீறிக் கூப்பிடுவாள்.

வணக்கம்.