சீனம் தெரிந்தவர் எல்லாம் மொழிபெயர்ப்பாளரா?

ஒரு வாரமாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரு நேயர் இயந்திரம் வாங்கச் சீனாவுக்குப் போகிறார். விற்கிற நிறுவனமே மொழிபெயர்ப்பாளரைத் தருகிறதாம். ‘தனியாக ஒருவரைத் தேட வேண்டுமா, எப்படித் தேடுவது?’ என்கிறார்.

தேடத்தான் வேண்டும், ஐயா. அவர்கள் தருகிறவர் தங்கமானவராகவே இருக்கட்டும். சம்பளம் அவருக்கு அந்தப் பக்கத்திலிருந்துதானே வருகிறது?

முதலில், எந்தச் சீனம் என்று கேளுங்கள். பேச்சில் நாட்டுப் பொதுமொழியான மாண்டரின் வேறு, தெற்கில் பேசும் கான்டனீஸ் வேறு. தெற்கே குவாங்சோ நகரத்தில் உங்களிடம் மாண்டரினில் பேசிவிட்டுத் தங்களுக்குள் கான்டனீஸில் பேசிக்கொண்டால், உங்கள் மாண்டரின்காரரும் உங்களோடு சேர்ந்து விழிப்பார். அடுத்து, ‘ஃபான்யி’ என்ற சொல் எழுத்து, பேச்சு இரண்டு மொழிபெயர்ப்புக்கும் பொது. உங்களுக்கு வேண்டியது ‘கோவ்யி’, வாய்மொழி வேலை. 2003 முதல் சீனாவில் ‘காட்டி’ என்ற தகுதித் தேர்வு நடக்கிறது. அதில் எழுத்துக்கும் பேச்சுக்கும் தனித்தனிச் சான்றிதழ். ஆங்கிலம் வழியாகப் பேசுவதானால் அதைக் கேட்டுப் பாருங்கள். தமிழுக்கு அதில் தேர்வு இல்லை. தமிழ் பேசும் ஆளை நீங்களேதான் சோதிக்க வேண்டும்.

நான் எப்போதும் சொல்வதுதான், பழைய நேயர்கள் சிரிப்பீர்கள்: நீந்தத் தெரிந்தவரெல்லாம் மூழ்குகிறவரைக் கரை சேர்த்துவிட மாட்டார். ஒருமுறை ஒரு பேரத்தில் உடன் இருந்தேன். சீனாவில் படித்துத் திரும்பிய இளைஞர் மொழிபெயர்த்தார். அருவி மாதிரிச் சீனம் பேசினார். விற்பவர் ‘30 வான்’ என்றார். வானத்தைச் சொல்லவில்லை, வான் என்றால் பத்தாயிரம். நாம் ஆயிரம், லட்சம், கோடி என்று ஏறுகிறோம்; அவர்கள் பத்தாயிரத்தில் ஒரு படி, பத்துக் கோடியில் அடுத்த படி. 30 வான் என்பது 3 லட்சம். தம்பி ‘30 லட்சம்’ என்றார். வாங்க வந்தவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேவிட்டார். விற்பவர் கால்குலேட்டரில் 3,00,000 என்று தட்டிக் காட்டிய பிறகுதான் உட்கார்ந்தார். ஆகவே ஆளை அமர்த்துமுன் நாலைந்து பெரிய எண்களைச் சொல்லிப் பாருங்கள். சான்றிதழைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை.

ஆனால் நேயர் கேட்டிருக்க வேண்டியது வேறு ஒன்று: ஆள் கிடைத்த பிறகு நாம் எப்படிப் பேசுவது? தமிழில் வாங்குகிறோமா, வாங்கமாட்டோமா என்பது வாக்கியத்தின் வால் வந்த பிறகுதான் தெரியும். சீனத்தில் மறுப்புச் சொல் வினைக்கு முன்பே வந்துவிடும். நீங்கள் மூச்சு விடாமல் நீட்டினால் அவர் எதைப் பிடித்துக்கொண்டு தொடங்குவார்? இரண்டு வாக்கியம் பேசுங்கள், நிறுத்துங்கள். உதிரிபாகங்களின் பெயர்களை முந்தைய நாளே கொடுத்துவிடுங்கள். பேசும்போது விற்பவரைப் பாருங்கள். மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து ‘அவரிடம் சொல்லுங்கள்’ என்று தொடங்காதீர்கள்.

போய்வந்ததும் எழுதுங்கள், ஐயா. விலையை எத்தனை ‘வான்’ என்று சொன்னார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.